மைக்குக்குக் கொடுத்த வண்டி

நேசையனின் பிக்கப் வண்டிக்கு எந்தக் கம்பெனிக்காரனும் பொறுப்பேற்க மாட்டான். பட்டாளம் ஓட்டித் தேய்த்துக் கழித்துப் போட்டதைப் பாறசாலைக்குக் கொண்டுவந்து, நீலப் பெயின்ட் அடித்து, மரச்சீனிக் கிழங்கும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டிருந்தான். ரேடியேட்டர் ஒழுகும். செல்ப் எடுக்காது. கேட்டால், "பட்டாள வண்டியாக்கும்" என்பான், அதுவே ஒரு பதில் என்பதுபோல.

போதாக்குறைக்கு எல்லைப் போராட்டமும் வந்து சேர்ந்தது. தமிழ்த் தாலுக்காக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டம் நடந்த இடத்திலெல்லாம் நேசையன் வண்டிதான் மேடை, அவன் பேட்டரிதான் மைக்குக்குக் கரண்ட். "பிள்ளை பெத்தவ காய்ச்சலோட கிடக்கேன், வண்டி வீட்டில நிக்கட்டு" என்று அவன் பெண்டாட்டி ரத்னபாய் சொல்லிப் பார்த்தாள். மனுஷன் கேட்டால்தானே! கஞ்சி போட்ட கதர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பேட்டரி செத்த பிறகுதான் பேச்சாளர் வாயை மூடினார். நாலு பேர் வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் காலையில் ரத்னபாயின் தம்பி ஈசாக், நெய்யாற்றின்கரைக்கு அப்பால் இருக்கும் அதியன்னூரிலிருந்து சைக்கிளில் வந்து நின்றான்.

"அக்கா, அப்பாக்குத் தீரெ வய்யா, இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. உன்னையும் பிள்ளையையும் ஒருக்கா பாக்கணும்னு கேட்டுட்டே கிடக்காவ."

அப்பா பொன்னையன் பேரனின் முகத்தை இன்னும் பார்த்ததில்லை. அன்றைக்கோ ஹர்த்தால். பஸ் ஓடாது, கார் கிடைக்காது.

"நீ முன்னால போய் மாமாட்ட சொல்லு மக்கா, நாங்க வண்டியில வாறோம்" என்றான் நேசையன். ஈசாக் அதை நம்பிப் போனான்.

வண்டி அசையவில்லை. மைக் கட்டியவன் ஒயர்களை அறுத்துச் சேர்த்து அப்படியே விட்டுப்போயிருந்தான். அவற்றைத் தேடிப் பிடித்துத் துணி சுற்றிக் கட்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ரேடியேட்டர் ஒழுக்குக்கு எப்போதும் மஞ்சள்பொடி போடுவான். வீட்டில் மஞ்சள் தீர்ந்திருந்தது, கடையும் அடைப்பு. சட்டைக்குக் கஞ்சி போட வைத்திருந்த மரச்சீனி மாவுதான் கண்ணில் பட்டது. மஞ்சள் அடைக்கும்போது மாவு அடைக்காதா என்று இரண்டு கை அள்ளிப் போட்டான். ஒழுக்கு நின்றது. அவனுக்கு ஒரே பெருமை.

அக்கம்பக்கத்தார் இறக்கத்தில் தள்ளிவிட, வண்டி பிடித்துக்கொண்டது. அமரவிளைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் ஆவி பொங்கி நின்றது.

அங்கேயே இருந்த மெக்கானிக் பாலையனின் பட்டறையும் அடைத்துக் கிடந்தது. வண்டிச் சத்தம் கேட்ட பழக்க தோஷத்தில் அவர் வீட்டிலிருந்து எழுந்து வந்தார். சாக்கைப் போட்டு மூடியைத் திறந்தவர் உள்ளே விரலை விட்டு எடுத்தார். வெள்ளையாக ஒட்டியது.

"எலே நேசையா, ரேடியேட்டர்ல கஞ்ஞி வெச்சது ஆராக்கும்?"

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து கழுவிக் கழுவி ஊற்றினார்கள். சூட்டில் வெந்து களியான மாவு குழாய்களை விட்டு வரவில்லை. பாலையன் ஒயர்களைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"டைனமோவும் சார்ஜ் ஏத்தல்ல. எஞ்சின நிறுத்தினா பின்ன எடுக்காது. நிறுத்தாம ஓட்டினா சூட்டில இறுகிப் பிடிச்சுப் போவும். நான் என்ன செய்யட்டு?"

ரத்னபாய் முன் சீட்டில் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். "எத்தற நேரம் ஆவும்?" என்று கேட்டாள். "இப்ப ஆச்சு" என்றான் நேசையன். மறுபடி கேட்டாள். மறுபடி அதையே சொன்னான். மூன்றாவது முறை கேட்காமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தாள். நாலடி போவதற்குள் தலை சுற்றிப் பாலத்துக் கைப்பிடிச்சுவரில் சாய்ந்தாள்.

நேசையன் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான். ஓரமாக அவளை உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்து பானெட்டில் தலையை முட்டிக்கொண்டான்.

"கர்த்தாவே, எனக்குத் தமிழ்நாடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இந்த வண்டி ஒருக்கா ஓடினா போதும்."

"ஜெபம் பிறகு. தள்ளு" என்றார் பாலையன். கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்களையும் கூப்பிட்டுத் தள்ள, நேசையன் தாவி ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தான். எஞ்சின் இருமியது, உதறியது, பிடித்தது! "எப்பிடியாவது நெய்யாற்றின்கரை தாண்டிரும், நிறுத்தாதே!" என்று பாலையன் கத்தினார்.

நேசையன் வெளியே தலையை நீட்டினான். "வா ரத்னா, ஏறு, வேகம்!"

அவள் எழுந்திருக்கவில்லை. பாலத்தின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈசாக் வந்துகொண்டிருந்தான். சைக்கிளில் ஏறாமல், அதை உருட்டிக்கொண்டு வந்தான். இவர்களைக் கண்டதும் தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான், கிட்டே வரவில்லை.

ரத்னபாய் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடினாள்.

"அத நிறுத்துங்க" என்றாள் நேசையனிடம். "இனி மெதுவா வண்டிய நன்னாக்கினா போதும்."