பாதுகாப்புக் குழுத் தலைவரின் மகள்

பெற்றோர் சங்கத்தின் இணையப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். மைக் கிடைத்தால் லேசில் விடமாட்டார். வீட்டில் மகளின் போனுக்குப் பூட்டுக்கு மேல் பூட்டு. ஏதாவது ஏடாகூடமானால் போன் பறிமுதல் என்று சட்டமே போட்டிருந்தார்.

அன்று மாலை மகள் வெளிறிய முகத்தோடு அம்மாவிடம் வந்தாள்.

"யாரோ ஒருத்தன் மெசேஜ் பண்றாம்மா. நீச்சல் கிளாஸ் முடிஞ்சு நான் எந்த வாசல்ல நிப்பேன்னுகூட அவனுக்குத் தெரியுது. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேங்குறான். அப்பாகிட்ட சொல்லாத, போனைப் புடுங்கிடுவாரு."

"உன்மேல என்னடி தப்பு? பதில் போட்டியா?"

"இல்ல."

"அப்பாடா! என் ராசாத்தி."

அம்மா அந்த மெசேஜைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அவனை பிளாக் செய்து, போலீசுக்கும் புகார் அனுப்பினாள். பிறகுதான் கணவரிடம் சொன்னாள்.

தலைவர் கொதித்தார். "எவன்டி அவனுக்கு இதெல்லாம் சொன்னது?"

அம்மா அவருடைய பேஸ்புக் பக்கத்தையே திறந்து நீட்டினாள். சீருடையில் மகள், பின்னால் பள்ளியின் பெயர்ப் பலகை. கீழே அவர் கைவண்ணம்: 'செவ்வாய்தோறும் பின்வாசலில் என் நீச்சல் சாம்பியனுக்காகக் காத்திருக்கும் தந்தை!' அதற்கு முதல் லைக் போட்டவனே அவன்தான்.

தலைவர் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக அழித்தார்.

"கண்ணு, இனிமே என்ன வந்தாலும் எங்கிட்டயும் சொல்லும்மா. போனைத் தொடமாட்டேன்."

"என் போட்டோ போடறதுன்னா முதல்ல என்னைக் கேக்கணும்."

"உத்தரவு, தாயே."

மகள் சிரித்துவிட்டாள். அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.