சந்தை வகுப்பு

ஆறிய காப்பி ஏன் தானாகச் சூடாவதில்லை என்று கேட்டபோது கடைசி பெஞ்சு கூட நிமிர்ந்து உட்கார்ந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் சிந்துஜா எழுந்து, “சார், அப்போ ஃப்ரிட்ஜ்ல மட்டும் உள்ள இருக்கற சூடு எப்படி வெளிய வருது?” என்றாள். அன்று வீடு வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வெப்ப இயக்கவியலை அப்படித்தான் தமிழில் பேசிப் பேசி நடத்தினேன். முதல் மாடல் தேர்வில் பாதி வகுப்புக்கு மேல் பெயில். புரிந்ததை ஆங்கிலத்தில் எழுத அவர்களுக்கு வரவில்லை. கேள்வித்தாளுக்கோ தமிழ் வராது. சிந்துஜாவும் பெயில்.

எங்கள் இயற்பியல் துறைத்தலைவர் ஆதிமூலம் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். “சோமேஷ், நீங்க சூப்பரா நடத்துறீங்கன்னு பசங்களே சொல்றாங்க. ஆனா பேப்பர்ல ஒண்ணும் வரலயே. அடுத்த மாடல்லயும் இப்படின்னா மேனேஜ்மென்ட் உங்கள வெச்சுக்காது. நானும் பேசிப் பாத்துட்டேன்” என்றார். கல்லூரி வேலை போனால் எனக்கு மிச்சம் கோயில்தான். அண்ணாமலையார் சன்னதியில் எங்கள் குடும்பத்துக்கு வரும் பூஜை முறைக்கு என்னை இழுத்துக்கொள்ள அப்பா காத்திருந்தார். அதற்காகச் சின்ன வயதில் வேத பாடசாலையில் சேர்க்கப்பட்டு, ஓடி வந்தவன் நான். அங்கே குரு ஒரு தடவை சொல்வார், நாங்கள் இரண்டு தடவை திருப்பிச் சொல்வோம். சந்தை சொல்வது என்று பெயர். அர்த்தம் கேட்டால், முதலில் வாயில் ஏறட்டும் என்பார்கள். எனக்கு அர்த்தம் வேண்டியிருந்தது. இயற்பியலுக்கு வந்ததே அதனால்தான்.

மறுநாள் வகுப்பில் வேறு வழி தோன்றவில்லை. “நான் ஒரு தடவ சொல்றேன், நீங்க ரெண்டு தடவ சொல்லுங்க” என்றேன். சிரித்தார்கள். பிறகு புத்தகத்தின் ஆங்கில வரிகளை அப்படியே சொன்னார்கள். ஒரு வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது, காப்பி பேச்சும் நின்றுவிட்டது. இரண்டாவது மாடலில் ஏறக்குறைய எல்லோரும் பாஸ். சிந்துஜா முதல் மார்க்.

ஆதிமூலம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இனி துறை முழுக்க சோமேஷ் மெத்தட்தானாம். வேலை நிலைத்ததை வீட்டில் சொன்னபோது அப்பா விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “பாடசாலைலேர்ந்து ஓடி வந்து, இப்ப நீயே பாடசாலை வெச்சுட்டியாடா?” எனக்கு அழுகை வந்தது. வேலையை விடவும் முடியாது, இனி இந்த வேலையை வேறு மாதிரி செய்யவும் முடியாது.

திங்கட்கிழமை மற்ற ஆசிரியர்களுக்காக மாதிரி வகுப்பு. எல்லோரும் கடைசி பெஞ்சில், நடுவில் ஆதிமூலம். “ஹீட் கெனாட் பை இட்செல்ஃப் ஃப்ளோ” என்று ஆரம்பித்தேன். குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாகப் போகாது என்கிற விதி. பாதியில் சிந்துஜா கையைத் தூக்கினாள். கேள், ஏன் என்று கேள், எனக்கே பதில் தெரியாத ஒன்றைக் கேட்டு இந்த வகுப்பைக் கெடுத்துவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

“சார், மூச்சு எங்க விடணும்? பை இட்செல்ஃப்க்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடிம்மா.”

அவள் தலையாட்டிவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டாள். நான் சொன்னேன். பாடசாலையில் குரு ஸ்வரம் காட்டுவதுபோல என் வலது கை தானாக எழுந்து மேலும் கீழும் போக, வகுப்பிலிருந்த தலைகள் எல்லாம், பின்னால் ஆதிமூலத்தின் தலையும், அதோடு சேர்ந்து ஏறி இறங்கின.