ஓரத்துச் சக்கரம்

...பூஜ்யத்தில்தான் இருக்கிறது, இப்போது பூஜ்யத்தில்தான் இருக்கிறது, ஆனால் இப்போது இருப்பதை வைத்து என்ன சொல்ல முடியும், அன்றைக்கும் மேசையில் வைக்கும்போது பூஜ்யத்தில்தானே இருந்தது, தன் கண்ணால் பார்த்தாரே... பெரியவர் கட்டில் விளிம்பில் முதுகு வளையாமல் உட்கார்ந்து, மடியில் விரித்த துண்டின்மேல் கேமராவை வைத்துக்கொண்டு, அதன் வலது மூலையில் இருந்த சின்னச் சக்கரத்தை முறைத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற கேமரா, அதில் இத்தனை பொத்தான், இத்தனை சக்கரம், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சக்கரத்தைக் கொண்டுபோய் கை படுகிற, உறை உரசுகிற ஓரத்திலா வைப்பான் ஒருத்தன்? கடைக்காரனிடம் கேட்டதற்கு, "எல்லாருக்கும் திரும்பிக்குது சார், கறுப்பு டேப் ஒட்டிக்கோங்க" என்று சிரித்தான், விற்கும்போது சொல்லாத வாய். முப்பது வருஷம் முத்திரை ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி இறங்கியவர் அவர், தராசைச் சோதித்து முத்திரை வைத்துவிட்டால் அப்புறம் எந்தக் கொம்பனும் அதில் விரல் வைக்க முடியாது, வைத்தால் தெரிந்துவிடும், அதுதான் முத்திரை. அப்படிப்பட்டவர் கையில் இருந்த பொருள், அவர் வீட்டுக்குள்ளேயே, அவருக்குத் தெரியாமல் திரும்பிக்கொண்டது... டேப்பைக் கத்தரித்தார், கோணல், இன்னொன்று கத்தரித்தார். வாசல் பக்கமிருந்து தங்கையின் குரல் வந்தது. "அண்ணா, டாக்ஸி வந்துரும், அங்க என்ன ஆபரேஷனா பண்றீங்க?" பண்ணத்தான் வேண்டும், இவள் இன்றைக்கு மகனோடு இருக்கப் போகிறாள், கடல் தாண்டி, இனி எப்போது வருவாளோ, போகுமுன் எல்லாரும் இருக்கிற படம் ஒன்று வேண்டுமாம். எல்லாரும். அந்தச் சொல்லை இவள் நேற்று எப்படி அழுத்திச் சொன்னாள்!

சக்கரத்தின்மேல் டேப்பை வைத்து நகத்தால் தேய்த்தார், முனையை அடியில் மடித்தார், அசைத்துப் பார்த்தார், அசையவில்லை, சரி. அடுத்தது பின்பக்கத்துப் பொத்தான்கள், நடுப் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் திரையில் பூட்டுப் படம் வரும், வந்தது, சரி. அடுத்தது தொடுதிரை, அதை மெனுவுக்குள் போய் அணைக்க வேண்டும், பூட்டைத் திறந்து, மறுபடி உள்ளே போய்... இந்தத் தொடுதிரையால்தானே அந்தக் கேலி. கேமராவைக் கண்ணில் வைத்தால் அவருடைய மூக்கு திரையில் போய் முட்டுகிறது, முட்டிய இடத்துக்கு ஃபோகஸ் ஓடிப் போகிறது, நடுவில் நிற்கிறவன் மங்கி ஓரத்துப் பூந்தொட்டி பளிச்சென்று விழுகிறது. "பெரியண்ணன் கண்ணால எடுக்கறதில்ல, மூக்கால எடுக்கறார், எதுலதான் அந்த மூக்கு நுழையல" என்று தம்பி சொல்ல, வீடே சிரித்தது. தம்பிக்கும் அதே மூக்குதான், தங்கைக்கும் அதே, அப்பாவிடமிருந்து இறங்கிய மூக்கு, தெருவில் போனாலே இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள்... சொன்னார்கள், தம்பி அவளைக் கட்டிக்கொள்ளும்வரை. முதல் புருஷனிடமிருந்து விலகி வந்தவள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றான். யார் தலைமை, யார் சாட்சி? கடைக்கு வந்து போகிற மூன்று பேராம், கண்ணாடி வாங்க வந்தவன் சாட்சி! முதல் நாள் அவள் "வாங்க மாமா" என்றாள், அவர் காதில் விழாதது மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அவள் "சார்" என்றுதான் சொன்னாள், தம்பி பெண்டாட்டி, சார், தராசு வைத்திருக்கிற கடைக்காரி சொல்வதுபோல. அவர்தான் வைத்தார் அந்த முத்திரையை. இல்லை, அவளாகவே வைத்துக்கொண்டது, அவர் ஒன்றும் சொல்லவில்லையே...

டேப் நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு மட்டும் இது இருந்திருந்தால். இதே வாசல், இதே வெயில், படியில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார், தம்பி நடுவில், "கண்ணாடியைக் கழட்டுடா, பளபளக்குது" என்றார், கழட்டினான், அவள் பக்கம் நீட்டினான். கேமராவை மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். கொடுத்துவிட்டு வரிசையின் ஓரத்தில் நிற்கப் போனாள், "நீ கொஞ்சம் தள்ளிக்கோம்மா, வீட்டாளுங்க மட்டும் முதல்ல" என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். அடுத்த படத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார்... நினைத்தாரா? அடுத்த படம் என்று ஒன்று எடுக்கவில்லை. வெயிலில் திரையில் எதுவும் தெரியவில்லை, வீட்டுக்குள் வந்து பார்த்தால் எல்லாம் வெள்ளை, சக்கரம் கூட்டல் மூன்றில் போய் நின்றிருந்தது, படியில் நின்றவர்கள் சுண்ணாம்பில் கரைந்த மாதிரி, சட்டை இருக்கிறது, முகம் இல்லை. இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்றான் தம்பி. அந்த இன்னொரு நாளுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போயும் விட்டான். மாலை போட ஒரு படம் வேண்டும், பெரியவர் அலமாரியில் இருந்ததெல்லாம் மீசை முளைக்காத காலத்துப் படம், கடைசியில் அவளிடம்தான் கேட்க வேண்டியதாயிற்று, அவள் செல்போனிலிருந்து அனுப்பினாள், தம்பி சிரிக்கிறான், தோளில் அவள் கை. ஸ்டுடியோவுக்கு அவரே போய் அந்த விரல்களை எடுக்கச் சொன்னார். எடுத்தான், எடுத்த இடத்தில் சட்டைத் துணி இழையில்லாமல் கொழகொழவென்று, இன்றைக்கும் கூடத்துச் சுவரில் பார்க்கிறவன் கண் நேரே அங்கேதான் போகிறது. கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார், அவள்தான் கேமராவை எடுத்துக் கொடுத்தாள், கை பட்டுத் திரும்பியிருக்கும் என்று. அவள் காதிலும் விழட்டும் என்றுதான் சொன்னார். "சாரி சார்" என்றாள். இல்லை என்று மறுத்திருந்தால் பரவாயில்லை, சண்டை போட்டிருந்தால்கூட...

டேப் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம், பழைய மெமரி அட்டை இன்னும் கேமராவுக்குள்தான் இருக்கிறது, அழிக்கவில்லை, தம்பி இருக்கிற படத்தை யார் அழிப்பார்கள், முகம் இல்லாவிட்டாலும். உட்கார்ந்தபடியே ஜன்னலை ஒரு படம் எடுத்தார், நன்றாக விழுந்தது. பின்னால் தள்ளிக்கொண்டே போனார், வெள்ளை வந்தது. இதில் தம்பி எங்கே, இந்தச் சட்டைதான், கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை, மூக்கின் நிழல்கூட இல்லை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், இன்னும் அருகே... மூக்கு முட்டியது. தொடுதிரையை அணைக்கவில்லை போலிருக்கிறது. படம் துள்ளி, முட்டிய மூலையைப் பெரிதாக்கிக் காட்டியது. சனியன். திரும்பப் போக எந்தப் பொத்தான் என்று தேடினவர் கை நின்றது. வாசல் நிலை, அதற்கு உள்பக்கத்து இருட்டு, அந்த இருட்டில் அவள். எல்லாரையும் தின்ற வெளிச்சம் அவளுக்கு மட்டும் சரியாக, அளந்து ஊற்றியதுபோல விழுந்திருந்தது, புடவைக் கரையின் நூல்கூடத் தெரிகிறது. கேமராவைப் பார்க்கவில்லை. படியில் நடுவில் நிற்கிறவனைப் பார்க்கிறாள், அவன் எந்த நொடியிலும் கேட்பான் என்பதுபோல அவனுடைய கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அந்தச் சட்டம், இடதுபக்கக் காதுக் கம்பியில் கடித்த தடம், தம்பிக்கு யோசிக்கும்போது கம்பியைக் கடிக்கிற பழக்கம், சின்ன வயசில் பென்சிலைக் கடிப்பான்... அன்றைய படத்தில் தம்பியுடையது என்று தெளிவாக மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அது அவள் கையில் இருக்கிறது. இவர்தான் நிறுத்தினார் அவளை அங்கே.

"அண்ணா! வண்டி வந்தாச்சு!" கேமராவை உறைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தார், வழக்கம்போல வலது கையால், வழக்கம்போல கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தி, விரலுக்கடியில் சக்கரம் டேப்போடு சேர்ந்து திமிறியது, திரும்பவில்லை, திரும்பப் பார்த்தது. உறை இறுக்கம். உறைதான் இறுக்கம், வேறென்ன... வாசலில் வெயில். படியில் தங்கை, தங்கையின் பெட்டிகள், பெரியவரின் மனைவி, மகன், மருமகள். நிலையை ஒட்டி, உள்பக்கமாக, அவள். "அண்ணி, நீங்க ஏன் அங்கயே நிக்கறீங்க, இங்க வாங்க" என்றாள் தங்கை, அண்ணி என்ற சொல்லை அவர் முகத்தில் எறிவதுபோல. "இல்லம்மா, நீங்க எடுத்துக்கோங்க, நான் இங்கயே நிக்கறேன். சார் எடுக்கட்டும்." கேமராவைக் கண்ணில் வைத்தார். சக்கரத்தைப் பூட்டியாயிற்று, எதுவும் திரும்பாது. படியில் நிற்கிறவர்கள் முகம் முகமாகத் தெரிகிறார்கள், மூக்கு மூக்காக, நிலைக்கு அப்பால் வெறும் கறுப்பு, அதில் ஆள் நிற்பது தெரிந்தவனுக்குத்தான் தெரியும். சக்கரத்தைத் திருப்பினால் அவள் வருவாள், வீட்டார் வெளுத்துப் போவார்கள். நகம் டேப்பின் முனையைத் தேடிப் போனது, எதற்கு, அவளை ஒரு தடவை கூப்பிட்டால் போதுமே, இரண்டடி வெயிலுக்கு வந்தால் எல்லாரும் ஒரே வெளிச்சத்தில்... டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். "மூக்கை எடுங்கண்ணா, எடுங்க சீக்கிரம்" என்று தங்கை சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது. பெரியவர் வாயைத் திறந்தார். அவளை என்னவென்று கூப்பிடுவது என்று அப்போதுதான் யோசித்தார்... இத்தனை வருஷத்தில் அவளைக் கூப்பிட அவரிடம் ஒரு சொல்கூட இல்லை.