கழுவிய தட்டு

அந்த அமெரிக்க நாவலைக் கையில் எடுத்த நாளிலிருந்து பிரேமினிக்கு இருப்புக்கொள்ளவில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருப்பவள் பாதியில் எழுந்துபோய் ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டு வருவாள். பள்ளிக்கூடத்தில் பெருக்கல் சொல்லிக்கொடுக்கும்போது சட்டென்று நின்று ஜன்னலைப் பார்ப்பாள். பிள்ளைகள் இதுதான் சமயமென்று ஒருவர் தலையில் ஒருவர் குட்டிக்கொள்வார்கள். எந்தக் காலத்திலோ, கடலுக்கு அப்பால் நடந்த ஒரு பருத்தித் தோட்டத்துக் கதை இலங்கை மலைநாட்டுப் பூண்டுலோயாவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் இருக்கிறவளை இப்படிப் பாடாய்ப் படுத்துமா என்று கேட்டால், படுத்தியது.

தோட்ட முதலாளியின் மகன் வயதான காலத்தில் தன் சின்ன வயதைச் சொல்லும் கதை அது. வீடு, ஆறு, குதிரைகள், கடனில் மூழ்கிய அப்பா எல்லாம் அதில் உண்டு. அவனை வளர்த்த கறுப்பின ஆயாவும் உண்டு. குதிரைகளுக்கெல்லாம் பெயர் வைத்த எழுத்தாளன் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. கடைசிவரை 'எங்கள் ஆயா'தான். அவள் வரும் இடங்களில் வாசகர்கள் கண்கலங்குவார்கள் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்கின்றன. பிரேமினிக்குக் கண் கலங்கவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

காரணம் ஒரே ஒரு பக்கம். மழை பெய்யும் ஒரு மத்தியானம். ஆயாவின் சொந்த மகள், சின்னப் பெண், பெரிய வீட்டின் குசினி வாசலில் வந்து நிற்கிறாள். ஆயா தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் "வீட்டுக்குப் போ" என்கிறாள். பெண் போய்விடுகிறாள். உள்ளேயிருந்து முதலாளி மகன் கூப்பிட்டதும் ஆயா உடனே திரும்பிச் சிரிக்கிறாள். அவ்வளவுதான். அந்த மகள் அதற்குப் பிறகு நாவலில் எங்கேயும் இல்லை.

பிரேமினி தோட்டப் பள்ளியில் ஆசிரிய உதவியாளர். பட்டம் முடித்தால்தான் ஆசிரியை என்று நிரந்தரமாகும். அதற்காகச் சனிக்கிழமை தோறும் ஹட்டனில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில், வெளிவாரிப் பட்ட வகுப்புக்குப் போய்வந்தாள். அங்கே படிப்பிக்கும் துரைராசா சேர் யாழ்ப்பாணத்துக்காரர். பாடம் ஆங்கிலத்தில் நடத்துவார், திட்டுவதற்குத் தமிழுக்கு வந்துவிடுவார். போன வாரம் பிரேமினியின் ஆய்வுரையைக் கேட்டவர் தமிழுக்கு வந்தார்.

"பிள்ளை, அந்த ஆயா தன்ர பிள்ளையில அன்பில்லாதவ எண்டு எழுதியிருக்கிறீர். உமக்கு அந்த மனுசியில கோவம். கோவம் ஆதாரமில்லை. அவ ஏன் திரும்பிப் பாக்கேல்லை? பதிலைப் புத்தகத்துக்குள்ள இருந்து எடுத்துக் காட்டும். வாற சனிக்கிழமை. இல்லையெண்டால் அடுத்த வருசம் இந்தப் பாடத்தை முதலில இருந்து செய்யவேணும்."

ஏற்கெனவே ஒருமுறை, எல்லோரையும் போல வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக் கோட்டைவிட்டவள் அவள். இன்னொரு வருடம் என்றால் பஸ்ஸுக்கும் மழைக்கும் பால்குடிப் பிள்ளைக்கும் நடுவில் அதோடு முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். கொழும்பில் கடையில் நிற்கும் புருஷன் பிரதாப் போனில் "அன்பில்லன்னா அன்பில்லதான், இதுக்கு என்னா ஆதாரம்?" என்றான். அவனிடம் சொல்லிப் பிரயோசனமில்லை.

உண்மையைச் சொன்னால், கோபம் அந்த ஆயாவின் மேல் இல்லை. பிரேமினியின் அம்மா ஜீவராணி இளவயதில் பங்களா ஆயா. தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையின் பெண் குழந்தையைத் தூக்கி வளர்த்தவள். மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களாவது மத்தியானம் லயத்துக்கு வந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டுப் போவார்கள். பங்களா ஆயாவுக்கு அதுவும் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு படிக்கும்போது ஒருநாள், மழையில், கொழுந்து எடுப்பவர்கள் மழைக்குக் கட்டும் மஞ்சள் ரெட்டுச் சீலையைத் தலையில் போட்டுக்கொண்டு பிரேமினி பங்களாவின் குசினி வாசலுக்குப் போனாள். காய்ச்சல் அடித்தது. அம்மாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அம்மா தொட்டிப் பக்கம் திரும்பியபடியே "வீட்டுக்குப் போ" என்றாள். உள்ளேயிருந்து பேபி கூப்பிட்டது. அம்மா "இந்தா வந்துட்டேன் கண்ணு" என்று ஓடினாள். திரும்பி வரும் வழியில், பங்களா ரோட்டு முடக்கில், பிரேமினியின் ஒரு செருப்பு ரோட்டோரத்து மழைத்தண்ணீர்க் கானில் அடித்துக்கொண்டு போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. புதுச் செருப்பைத் தொலைத்தால் வீட்டில் தோலை உரிப்பார்கள். அம்மாவோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறொரு சோடி வாங்கிப் படியில் வைத்திருந்தாள். ஏதோ மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினாளாக்கும், செருப்பு போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை, அவள் எதைத்தான் கவனித்தாள் என்று பிரேமினி அதையும் மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அதை அந்த வாரம் அம்மாவிடம் கேட்டும் பார்த்தாள். ஜீவராணி ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நா சின்னப் புள்ளையில ஒருநா மழைக்குள்ள பங்களாவுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"எந்த மழையின்னு கண்டேன்? இங்க எந்நாளும் மழதான்."

"போன்னு வெரட்டுனீங்க."

"அடுப்பப் பாரு, தணல் அவியுது" என்றாள் ஜீவராணி. பேச்சு அதோடு போயிற்று. பிரேமினி அடுப்பைப் பார்த்தாள். தணல் நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை வந்தது. பேரனை வழக்கமாகப் பார்த்துக்கொள்ளும் ஜீவராணி, இறம்பொடையில் ஒரு சாவு என்று முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். மகன் திலக்ஷனைப் பிள்ளைக் காம்பராவில் விடுவதைத் தவிர வழியில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்தக் கட்டடத்துக்கு இப்போது நீளமான பெயரில் பலகை மாட்டியிருக்கிறார்கள். ஆனாலும் தோட்டத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சண்முகவடிவு, பிரேமினியோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள்.

வாசலில் தாய்மார் வரிசையாக வந்தார்கள். பிள்ளையைக் கொடுப்பது, பால் போத்தலைக் கொடுப்பது, மளமளவென்று இறங்கிப் போவது. ஒருத்தியும் திரும்பவில்லை. பிரேமினிக்கு எரிச்சலாக இருந்தது. என்ன மனுஷிகளோ என்று நினைத்தாள்.

"குடுத்துட்டு நீயும் அப்பிடியே போயிரு புள்ள, திரும்பிப் பாக்காத" என்றாள் சண்முகவடிவு.

"ஏன்டி? எம்புள்ளைய நா பாத்தா என்னா?"

"பாரு, பாரு. பொறகு தெரியும்."

பிரேமினி படியிறங்கினாள். பத்தடி போனதும் வேண்டுமென்றே திரும்பினாள். அதுவரை சண்முகவடிவின் காதுத் தோட்டைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, அம்மாவின் முகத்தைக் கண்டதும் கையை நீட்டி வீறிட்டது. திரும்பி ஓடினாள். தூக்கினாள். சமாதானம் செய்தாள். இறக்கினால் அழுகை, தூக்கினால் சிரிப்பு. சேலை முந்தானை அவன் பிடியில் கசங்கியது. கீழே ரோட்டில் அவள் பிடிக்க வேண்டிய பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயிற்று.

"இன்னைக்கி முழுக்க இவன் அடங்க மாட்டான், ஒன்னாலதான்" என்று சண்முகவடிவு ஏசினாள். "நீ திரும்பினா, வந்து தூக்கப் போறேன்னு அவனுக்குச் சொன்ன மாதிரி. தூக்க மாட்டேன்னா முகத்தக் காட்டாத. இப்பப் போ. என்னா கத்துனாலும் போ."

இரண்டாவது தடவை பிரேமினி போனாள். பின்னால் அழுகை. கழுத்து விறைத்துக்கொண்டது. கண் நேரே தேயிலை நிரையில் இருந்தது, உயிர் மட்டும் முதுகுப் பக்கம் இருந்தது. கையில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் பையின் சிப்பைத் திறந்தாள், பூட்டினாள், மறுபடியும் திறந்தாள். ரோட்டுக்கு வந்தபிறகும் கை அதையே செய்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றபடியே, தலவாக்கலை வரைக்கும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் புத்தகத்தைப் புரட்டினாள். அந்தப் பக்கமும் அதற்கு முந்திய பக்கமும். முந்திய பக்கத்தை இத்தனை நாளும் அவள் சரியாகப் படிக்கவேயில்லை.

வகுப்புக்குள் நுழையும்போது பாதி நேரம் போயிருந்தது. துரைராசா சேர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "வந்தாச்சோ? பதில் வந்ததோ?"

பிரேமினி எழுதிக் கொண்டுவந்த தாள்களை எடுக்கவேயில்லை. புத்தகத்தை மட்டும் எடுத்தாள். ஆங்கிலத்தில் தொடங்கி, பதற்றத்தில் தமிழில் விழுந்தாள்.

"சேர், இந்தக் கதை சொல்றவன் எப்பவும் நீட்டி நீட்டித்தான் சொல்லுவான். ஆத்தப் பத்தி ஒரு வசனம் சொன்னா அது அரைப் பக்கம் ஓடும். இந்த இடத்துல மட்டும் எல்லாம் குட்டிக் குட்டி வசனம். 'ஆயா தட்டைக் கழுவினாள். மழை பெய்தது. வீட்டுக்குப் போ என்றாள். தட்டைக் கழுவினாள்.' ஓயாத வேலையக் காட்டத்தான் ரெண்டு தடவ சொல்றாருன்னு கைட்டுல போட்டிருக்கு. மொத தடவ நானும் அதத்தான் எழுதியிருந்தேன்."

"சரி?"

"இதுக்கு முந்தின பக்கத்துல, அன்னைக்கி அப்பா அம்மா ரெண்டு பேரும் டவுனுக்குப் போயிட்டாங்க, நான் மட்டும் தனியாச் சாப்பிட்டேன்னு அவன் சொல்றான். அப்ப தொட்டியில இருந்தது ஒரே தட்டு. கழுவி முடிஞ்ச தட்டத்தான் அவ மறுபடி கழுவுறா. அந்தப் புள்ள வாசல்ல நிக்கிற வரைக்கும் கைக்கு ஒரு வேல வேணும். திரும்பிப் பாத்தா புள்ள போகாது. அவளாலயும் அனுப்ப ஏலாது."

"அப்ப முதலாளின்ர மகன் கூப்பிட உடன திரும்பிறாவே?"

"அவன அவ எங்கயும் அனுப்பத் தேவையில்லயே சேர். அவனோட தானே இருக்கப் போறா. அவனப் பாக்குறது லேசு." அந்தப் பக்கத்தின் மேல் விரலை வைத்தாள். "கதை சொல்றவனுக்கு இது ஒண்ணுமே விளங்கல. ஆனா கண்ணால பாத்திருக்கான். பாத்தத அப்பிடியே சொல்லியிருக்கான். அவன் விளங்கிக்காததயும் எழுத்தாளர் அவன் வாயால சொல்ல வச்சிருக்காரு."

துரைராசா சேர் தன் புத்தகத்தில் அந்த முந்திய பக்கத்தைத் தேடி வாசித்தார்.

"இந்த இடத்தை நான் வேற மாதிரித்தான் வாசிக்கிறனான். இப்பவும் எனக்கு அதுதான் சரியெண்டு படுது. ஆனா உம்மட வாசிப்பும் நிக்கும், ஆதாரம் இருக்கு. எழுதித் தாரும். பாஸ்."

பின்னேரம் பிரேமினி வீட்டுக்கு வந்தபோது திலக்ஷன் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். ஜீவராணி சாவு வீட்டிலிருந்து வந்து, குளித்துவிட்டு, லயத்துக்குப் பின்னால் மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் சட்டி பானை கழுவிக்கொண்டிருந்தாள். பிரேமினி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"பாசாயிட்டேம்மா."

"ம். பிள்ளைக் காம்பராவுல புள்ளைய அழ வச்சிட்டுப் போனியாமே? வடிவு ஏசுறா."

"திரும்பிப் பாத்துட்டேம்மா."

சட்டியைத் தேய்த்த கை ஒரு கணம் நின்றது. பிறகு அதே சட்டியை, நுரை போய்ப் பளிச்சென்றிருந்த சட்டியை, மறுபடியும் தேய்க்கத் தொடங்கியது. பிரேமினி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜீவராணிதான் பேசினாள், தண்ணீரைப் பார்த்தபடியே.

"அன்னைக்கி நீ முடக்குல குனிஞ்சியே, கானுக்குள்ள செருப்பப் புடிக்க. குசினி ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீயும் தண்ணியோட போயிருவியோன்னு நெனச்சேன்."

பிரேமினி பக்கத்தில் குந்தினாள். அம்மாவின் கையிலிருந்த சட்டியை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.