டொரிண்டாவின் படகு போகிற பக்கம்

டொரிண்டா எனக்கு எதிர்வீடு. ஜன்னலை நான் காற்றுக்காகத்தான் திறந்து வைப்பது. அந்த வாரம் முழுக்க அவள் மடியில் வைத்த திண்டின் மேல் லேஸ் பின்னும் மரக்குச்சிகள், பல்லைக் கடிப்பதுபோல் மோதிக்கொண்டே இருந்தன.

காரணம் ஊருக்கே தெரியும். அவள் மகள் இரியா மீன்பிடிப் படகில் வேலைக்குச் சேர்ந்து அயர்லாந்துப் பக்கம் போய்விட்டாள், ஆண்களோடு நின்று வலை இழுக்க. "பத்து நாள் தாங்க மாட்டா, வாந்தி எடுத்துக்கிட்டு வந்துடுவா" என்று ரொட்டிக் கடையில் பேசிச் சிரித்தார்கள். அதில் என் குரலும் கேட்டிருந்தால் ஆச்சரியமில்லை.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் கடலுக்குப் போயிருக்கிற வீட்டிலிருந்து, உள்ளங்கையில் அடங்கும் லேஸ் படகு ஒன்று கோயிலில் இருக்கிற கார்மென் மாதா சிலையின் வெல்வெட் அங்கிக்குப் போகும். விளிம்பின் வலது கோடியில் துறைமுகம் தைத்திருக்கும். எல்லாப் படகுகளும் அதைப் பார்த்தபடியே வரிசையாக வரும். போனவர் திரும்பி வரட்டும் என்ற வேண்டுதல்.

மாதா ஊர்வலத்துக்கு முந்தின நாள் மத்தியானம், கோயிலின் பின்னறையில் படகுகளை அங்கியில் தைத்துக்கொண்டிருந்தோம். டொரிண்டா தன் படகைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். படகின் பாயில் கோதுமை மணி போன்ற லேஸ் இலைகள். நூல் இறுகி ஒன்றுகூட இடுப்பு ஒடுங்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் படகின் மூக்கு இடது பக்கம், கடலைப் பார்த்து!

அறைக்கே சந்தோஷம். எங்கள் லேஸ் குப்புறப்படுத்துத்தான் வளரும். முடிச்சு மேலே, அழகு கீழே. திண்டில் குத்திய ஊசிகளைப் பிடுங்கித் திருப்பினால் இடது வலதாகிவிடும். இதை மறப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தப்பு.

"அடியே டொரிண்டா, மக ஞாபகத்துல இடது வலது மறந்துபோச்சா?" என்றாள் எதெல்வினா அக்கா. அங்கி அவள் பொறுப்பு; மாதாவே அவள் பொறுப்பு என்பது அவள் எண்ணம். "பரவால்ல, குடு. திருப்பிப் போட்டுத் தைச்சுடலாம்."

"முடிச்செல்லாம் தெரியுமேக்கா. மாதாவுக்கு உள்பாவாடைய வெளிய போட்டு ஊர்வலம் விடப்போறீங்களா?"

"பின்ன ஏண்டி இப்படிப் போட்ட?"

"வேணும்னேதான் போட்டேன்."

ஊசிகள் நின்றன.

"எம்பொண்ணு திரும்பி வரணும்னு ரொட்டிக் கடையில ஊரே வேண்டிக்கிது. நான் வேற வேண்டணுமாக்கும்? அவ அங்க நிக்கணும். அவ வலை நெறையணும். எப்ப வரணும்னு அவளுக்குத் தோணுதோ அப்ப வரட்டும்."

"பெத்தவ பேசுற பேச்சா இது! கடல்ல ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா?"

டொரிண்டாவின் முகம் ஒரு கணம் சுண்டியது. "பயம் இல்லைன்னு யாரு சொன்னா? வயித்துக்குள்ள சோறு இறங்கல. அந்தப் பயத்தைக் காட்டி அவளை வீட்டுக்கு இழுக்க மாட்டேன்."

"என் கையில இருக்கிற அங்கியில இது ஏறாது" என்று எதெல்வினா கத்தரிக்கோலை எடுத்தாள்.

டொரிண்டா தன் படகை எடுத்துக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து, அங்கியின் விளிம்பை மடியில் இழுத்துப் போட்டு, ஊசியில் நூல் கோத்துப் படகைத் தைக்கத் தொடங்கினாள். "வெட்டுங்க. எம்படகோட சேர்ந்து மாதா துணியும் கிழியும்."

கத்தரிக்கோல் அந்தரத்திலேயே நின்றது. ஆனால் வெல்வெட் யார் பேச்சையும் கேட்காது. மறுமுனையை ஒருவர் இழுத்துப் பிடிக்காவிட்டால் தையல் கோணிக்கொள்ளும். அவள் கையிலிருந்து அது வழுக்கி வழுக்கிப் போனது. ஒருத்தியும் அசையவில்லை. அவளும் யாரையும் கூப்பிடவில்லை.

நான் போய் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்தேன். அந்த இலைகளை எப்படி முடித்திருக்கிறாள் என்று கிட்டத்தில் பார்க்கத்தான்.

"நீயுமாடி?" என்றாள் எதெல்வினா.

"துணி வழுக்குதுக்கா" என்றேன். பிறகு டொரிண்டாவிடம், "மூக்குப் பக்கம் இன்னும் நெருக்கமாத் தை. நாளைக்குக் காத்து பலமா இருக்கும்."