வேறு உபயோகங்கள்

தட்சிணாமூர்த்திக்குப் பொருளாதாரத் தடை மேல் தனிப் பிரியம் இருந்தது. முப்பது வருஷம் மத்திய சர்க்கார் குமாஸ்தாவாகக் கோப்பு புரட்டியவர். குண்டு போடாமல், வெறும் படிவத்தை வைத்தே நடத்துகிற யுத்தம் என்றால் பிரியம் வராமல் என்ன செய்யும்? மயூர் விஹார் பூங்காவில் நண்பர் வைத்தியிடம் தினமும் இதைத்தான் விளக்கிக்கொண்டிருப்பார். ஈராக் பக்கத்து நாட்டுக்குள் படையோடு நுழைந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, அதற்குத் தண்டனையாக உலக நாடுகள் சாமான் எதையும் உள்ளே விடாமல் நிறுத்தியும் அங்கே ஆளுகிறவன் அசையவில்லையே என்று வைத்தி கேட்பார்.

"கோப்புன்னா மெதுவாத்தான் ஓய் நகரும்" என்பார் இவர்.

ஓய்வுக்குப் பிறகு கரோல் பாகில் குப்தாஜியின் ஏற்றுமதிக் கம்பெனியில் அவருக்குக் காகித வேலை. தெற்கு ஈராக்கில் ஒரு சிற்றூரின் குடிநீர் நிலையத்துக்குக் குளோரின் கலக்கும் பம்புகள் ஆறு போகவேண்டியிருந்தது. தடையை மேற்பார்க்கிற கமிட்டி ஒன்று நியூயார்க்கில் சரி என்றால்தான் கப்பலேறும். அதற்கான படிவத்தில், ‘இப்பொருளுக்கு வேறு உபயோகங்கள் உண்டா?’ என்று ஒரு பத்தி. எல்லோரும் அதில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். தட்சிணாமூர்த்தி கும்பகோணம் காலேஜில் கெமிஸ்ட்ரி படித்தவர். இத்தனை வருஷத்தில் அந்தக் கெமிஸ்ட்ரியை ஒருத்தரும் கேட்டதில்லை. முதல் தடவையாக ஒரு சர்வதேசக் கமிட்டி கேட்கிறது. அமிலம், பூச்சிமருந்து, இன்னும் எந்தெந்தத் திரவத்தையெல்லாம் இந்தப் பம்பு சொட்டுச் சொட்டாக அளந்து விடும் என்று பதினொரு வரி எழுதினார்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது: நிறுத்திவைப்பு.

குப்தாஜி தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த ஊரின் தண்ணீர் இஞ்சினியர் ஹாஷிம் வாராவாரம் மரியாதையாக ஃபாக்ஸ் அனுப்பினார். வெயில் ஏறுகிறது, குழந்தைகள் வார்டில் பேதி கூடிவிட்டது, பம்பு எப்போது வரும்? ‘கமிட்டியின் பரிசீலனையில்’ என்று தட்சிணாமூர்த்தி பதில் அடித்தார். யார் எழுதியதால் என்பதை அடிக்கவில்லை.

திருத்திய படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பிப் பார்த்தார். முன்பு இருந்த உபயோகங்கள் இப்போது எங்கே போயின என்று கமிட்டி விளக்கம் கேட்டது. அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட.

குப்தாஜி எத்தனை நாள் காத்திருப்பார்? துபாயில் கடை வைத்திருந்த பிரதீப் என்ற மதுரைக்காரருக்குப் பம்புகளை விற்றுவிட்டார். அதற்கு எந்தப் படிவமும் கிடையாது. சரக்கு எங்கே போகிறது என்று தட்சிணாமூர்த்தி போனில் விசாரித்தபோது பிரதீப் ஒளிக்கவில்லை. அதே ஈராக்குக்குத்தான், ஒரு பெரிய இடத்து நீச்சல் குளத்துக்கு. அப்படியானால் போகிற வழியில் ஹாஷிமின் ஊரில் ஒன்றே ஒன்றை இறக்க முடியுமா என்று இவர் கெஞ்சினார்.

"அது ஊர்க் குடிதண்ணி சமாச்சாரம் சார்" என்றார் பிரதீப், நிஜமாகவே பயந்துபோய். "கமிட்டி பெர்மிஷன் இல்லாம நான் தொடமாட்டேன்."

அன்று தட்சிணாமூர்த்தி பூங்காவுக்குப் போகவில்லை. ஹாஷிமுக்கு உண்மையை எழுதினார்: பம்பு வராது, என் படிப்பைக் காட்டிக்கொள்ள நான் எழுதியதுதான் அதை நிறுத்தியது.

மறுநாளே பதில் வந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் ‘இல்லை’ என்றுதான் எழுதினார்களாம். அவர்களுடையதும் பதினான்கு மாதமாக நிற்கிறதாம். ஆகவே வருத்தப்பட வேண்டாம். தட்சிணாமூர்த்திக்கு ஆறுதல் வரவில்லை. குற்றவாளி என்கிற அந்தஸ்துகூடத் தனக்கு முழுசாகக் கிடைக்கவில்லை என்று தோன்றியது. ஃபாக்ஸின் அடியில் ஒரு கேள்வி இருந்தது. ‘உங்களுக்குக் கெமிஸ்ட்ரி தெரியும் போலிருக்கிறது. எங்களிடம் மூன்று வருஷத்துப் பழைய பிளீச்சிங் பவுடர்தான் மிச்சம். வீரியம் குறைந்துவிட்டது. எவ்வளவு கூட்டிப் போடலாம்?’

சாயங்காலம் ஹார்டுவேர் கடையில், இருப்பதிலேயே பழைய பிளீச்சிங் பவுடராகக் கேட்டு வாங்கினார். புதுசு இருக்கிறதே பாபுஜி என்று கடைக்காரன் மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். வீட்டுக்கு வந்து குளியலறையில் வாளி வாளியாகக் கரைத்து, முகர்ந்து, குறித்துக்கொண்டிருந்தார். மனைவி காமாக்ஷி கதவைத் தட்டினாள்.

"மூக்கு எரியறது. உள்ளே என்ன பண்றேள்?"

"இன்னொரு வாளி வேணும்."

"யாருக்கு இதெல்லாம்?"

"ஒரு ஊருக்கு."

காமாக்ஷி ஊறவைத்திருந்த துணிகளைத் தரையில் கவிழ்த்துவிட்டு, அந்த வாளியைக் கதவிடுக்கில் நீட்டினாள்.