இடக்கைக் கலியாணம்

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அருள்மலரின் கை அப்படியே நின்றது. மேல்மாடி அறையில் மகள் அனோஜா யாருடனோ போனில் தாழ்ந்த குரலில் கதைப்பது படிக்கட்டு வழியே கேட்டது.

"அப்பாவுக்கு இன்னும் தெரியாது அக்கா. அம்மாவுக்கும் நான் சொல்லேல்ல."

அனோஜா ஒற்றைப் பிள்ளை. வேலையிடத்து அக்கா, கோயில் அக்கா என்று ஆயிரம் பேர் இருக்கலாம்தான். ஆனால் இந்த 'அக்கா'வில் வேறொரு ஈரம் இருந்தது.

சந்தேகம் இன்றைக்கு வந்ததல்ல. பல்கலைக்கழகத்தில் மகள் முந்நூறு வருடத்துக்கு முந்திய ஒரு ஜேர்மன் இளவரசியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். உலகத்தில் எத்தனையோ இளவரசிகள் இருக்க, தகப்பனின் இரண்டு தாரத்துப் பிள்ளைகளுக்கு நடுவே வளர்ந்த ஒருத்தியை இவள் ஏன் தேடிப் பிடித்தாள்? வீடிருக்கும் ஸ்ரௌவ்வில்லிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பார்க்டேலுக்கு அடிக்கடி ஏன் ஓடுகிறாள்? கேட்டால், "லைப்ரரி அம்மா" என்பாள். பார்க்டேலை விட்டால் வேறு லைப்ரரி இல்லையா?

அருள்மலர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய கணவர் சீமோன் கனடாவுக்கு வருமுன் மன்னாரில் ஒருத்தியைப் பதிவுத் திருமணம் செய்திருந்தார். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. 'எங்கட ஆக்கள்' இல்லை என்று சீமோனின் வீட்டார் பதிவை ரத்துச் செய்வித்து அவரை விமானம் ஏற்றினார்கள். பிறகு 'எங்கட ஆக்களில்' பார்த்து அருள்மலரைக் கட்டிவைத்தார்கள். "அது கோயில்ல நடந்த கலியாணமில்லைப் பிள்ளை, மனசில வைச்சிருக்காதை" என்றார்கள். அவளும் வைத்திருக்கவில்லை. மகளிடம் அதைப் பற்றி மூச்சும் விட்டதில்லை.

மத்தியானம் பிக்கரிங்கிலிருந்து அனோஜா விரும்பிய ஜஸ்ரினும் அவன் தாய் பிலோமினாவும் கலியாணத்துக்கு நாள் குறிக்க வந்தார்கள். பிலோமினா முன்பே போனில் விசாரித்திருந்தாள்: "ஒண்டும் நினையாதேங்கோ, உங்கட பக்கம் கலப்பு ஒண்டும் இல்லைத்தானே?" அருள்மலர் "சீச்சீ" என்று சொல்லியிருந்தாள்.

சாப்பிடும்போது பிலோமினா சிரித்துக்கொண்டே கேட்டாள். "ஆரோ இளவரசியைப் பற்றிப் படிக்கிறீராம் பிள்ளை. எங்களுக்கும் சொல்லுமன்."

அருள்மலர் மகளின் முகத்தையே பார்த்தாள்.

"லிசலொட்டே எண்டு பேர் அன்ரி. ஹைடல்பேர்க்கில பிறந்தவ. அவவின்ர அப்பா முதல் தாரத்தைத் தள்ளிவைச்சிட்டு, தகுதி குறைஞ்ச ஒரு பெண்ணைக் கட்டினவர். மாப்பிள்ளை வலக்கைக்குப் பதிலா இடக்கையைக் குடுத்து உப்பிடிக் கட்டுறதை இடக்கைக் கலியாணம் எண்டு சொல்லுவினம். பிறக்கிற பிள்ளையளுக்கு அரசுரிமை கிடையாது. ஆனா லிசலொட்டேக்கு அந்தச் சகோதரங்களில உயிர். பிரான்ஸ் ராசாவின்ர தம்பிக்கு அவவைக் கட்டிக் குடுத்த பிறகும், சாகுமட்டும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தவ."

"பாவம், நல்ல மனுசி."

"நல்ல மனுசிதான். ஆனா தன்ர மகனுக்கு, ராசா முறைகேடாப் பெத்த மகளைப் பேசேக்க, அவன் ஓமெண்டதுக்காகச் சபைக்கு முன்னால அவனுக்குக் கன்னத்தில அறைஞ்சவவாம்."

"பின்னை? தாய் மனம் பொறுக்குமே? இரத்தம் எண்டு ஒண்டு இருக்கெல்லே!" பிலோமினா கறியைப் போட்டுக்கொண்டாள்.

சீமோன் தலை நிமிரவில்லை. அனோஜா கரண்டியை வைத்தாள். "அன்ரி, மறைச்சுக் கட்ட எனக்கு விருப்பமில்லை. எனக்கும் ஒரு அக்கா இருக்கிறா. பேர் கிளடிஸ். அப்பாவின்ர முதல் மகள். இப்ப கனடாவுக்கு வந்து பார்க்டேலில இருக்கிறா."

ஜஸ்ரின் தாயைப் பார்த்தான். பிலோமினா தண்ணீர் குடித்தாள். அவள் கத்தவில்லை. மெல்லிய குரலில்தான் பேசினாள்.

"நாங்கள் அந்தக் காலத்து ஆக்கள் இல்லை. எங்களுக்கு ஒரு தடையும் இல்லை. கலியாணத்துக்கு மட்டும் அவவைக் கூப்பிடாதேங்கோ. நாலு சனம் வாற இடம். என்ன அண்ணை?"

"சரி," என்றார் சீமோன்.

அந்தச் 'சரி' எவ்வளவு சுளுவாக வந்தது! அருள்மலர் வேண்டியிருந்ததும் அதைத்தான். ஆனால் கேட்டபோது உடம்பு கூசியது. காலையிலிருந்து மகள்மேல் வைத்திருந்த சந்தேகம் முழுவதும் பக்கத்தில் இருந்த மனிதன்மேல் திரும்பியது. பெற்ற பிள்ளையை ஒரு சொல்லில் அழிக்கக்கூடியவர், நாளைக்கு ஆராவது என்னைக் கூடாது என்று சொன்னால்? அப்போதும் இந்தச் 'சரி'தானா?

"அந்தப் பிள்ளை வராத கலியாணத்துக்கு நானும் வரேல்ல," என்றாள் அருள்மலர்.

பிலோமினா கையைக் கழுவ எழுந்தாள். "யோசிச்சுச் சொல்லுங்கோ. ஜஸ்ரின், வா." அவன் எழுந்தான். ஒரு கணம் அனோஜாவைப் பார்த்து நின்றுவிட்டுத் தாயின் பின்னே போனான். வாசலில் கார் புறப்பட்ட சத்தம் கேட்டது.

"உனக்கென்ன பேய் பிடிச்சதே? பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டாய்!" சீமோன் சீறினார்.

அருள்மலர் மகளிடம் திரும்பிக் கேட்டாள். "கிளடிஸுக்குப் பிள்ளையள் இருக்கே?"

"ஒரு மகள் அம்மா." என்றாள் அனோஜா. "திரேசா எண்டு பேர். அப்பம்மாவின்ர பேரை வைக்கிறதுதானே முறை எண்டு வைச்சவவாம்."

திரேசா, சீமோனின் தாய். கைக்குழந்தையோடு வந்து நின்ற மன்னார்ப் பெண்ணை, வீட்டு முற்றம் தீட்டுப்படும் என்று படலைக்கு வெளியே நிறுத்தியவள்.